செட்டுக்காரர் ஒருத்தர் போனபிறகு: குடம், உடுக்கை, ஏடு, கேசட்டு – எதை முதல்ல பாக்கணும்?

பழையாற்றங்கரை
வில்லுப்பாட்டுச் செட்டுல (குழுவுல) இருக்கிறவங்க கிட்ட ஒரு யோசனை கேக்கணும். எங்க செட்டுக் குடக்காரர் தவறிட்டார். சாமான் எல்லாம் செட்டிலேயே இருக்கட்டும்னு வீட்டுக்காரங்க தந்திருக்காவ. குடம் ஒண்ணு, கழுத்துகிட்ட மெல்லிசா ஒரு கோடு தெரியுது. மர உடுக்கை ஒண்ணு, ஒரு முகம் கிழிஞ்சது. கதை எழுதின நோட்டு கொஞ்சம், ஓலை ஏடு ஒரு கட்டு, கேசட்டு ஒரு பெட்டி. பங்குனியில ரெண்டு கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) அச்சாரம் வாங்கியாச்சு, ஒண்ணு சுடலை மாடன் கோயில், ஒண்ணு இசக்கியம்மன் கோயில். புதுசா ஒரு பையனைக் குடத்துக்கு உக்கார வைக்கணும். சாமான் போனாலும் போகட்டும், அவரு குடம் அடிக்கிற முறை போயிடக்கூடாது. எங்கேருந்து தொடங்க?

வலம்பாடி
ஆழ்ந்த இரங்கல் தம்பி. கேட்ட வரிசையைத் தலைகீழாக்குங்க. குடத்தைத் திரும்பச் செய்யலாம், உடுக்கைக்குத் திரும்பத் தோல் போடலாம். அவரு பக்கத்துல உக்காந்து இடம் பாடினவர் (தலைவருக்குத் துணையா இடதுபுறம் இருந்து பாடுற இடம்பாடி) இப்போ உயிரோட இருக்காருல்லா, முதல் வேலை அவருகிட்ட. எந்த அடிக்குக் குடம் எடுத்தாரு, எங்க நிறுத்தினாரு, எங்க இடது கையில வச்சிருக்கிற காசால மட்டும் குடத்தைத் தட்டினாருன்னு இடம்பாடிக்குத்தான் தெரியும். கதை பாடுற தலைவர் அண்ணாவிக்குக்கூட அவ்வளவு தெரியாது, அவரு கவனம் கதையில இருக்கும். கதை நோட்டை மடியில வச்சு, அவரைப் பாட விட்டு, குடம் சேர்ற இடத்துல ‘கு’, நிக்கிற இடத்துல ‘நி’, காசு மட்டும்னா ‘கா’ன்னு பென்சிலால நகல் நோட்டுல குறிங்க. மூல நோட்டுல ஒரு புள்ளிகூட வைக்காதீங்க. இது பதினாறு அடியந்திரம் (பதினாறாம் நாள் சடங்கு) முடிஞ்ச கையோட செய்யவேண்டியது. தள்ளிப்போட்டா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் வரும்.

ரெண்டாவது கேசட்டு. மூணாவது ஏடும் நோட்டும். குடம் கடைசி.

நாடாச்சுருள்
கேசட்டுக்கு நான் சொல்றேன். பெட்டியைத் திறந்ததும் எதையும் டெக்கில போடாதீங்க. முதல்ல மேல் விளிம்புல இருக்கிற ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்கையும் உடைச்சு விடுங்க. அதுக்கப்புறம் தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. அடுத்து, கண்ணாடி வழியா நாடாச் சுருளோட ஓரத்தைப் பாருங்க. வெள்ளையா மாவு படிஞ்ச மாதிரி இருந்தா பூஞ்சை. மணக்குடி, குளச்சல்னு கடலோர வீட்டுல இருந்த பெட்டின்னா பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கும். பூஞ்சை பிடிச்சதைத் தனியா எடுத்து வைங்க, அது ஓடின டெக்கில அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.

நல்லா இருக்கிறதைப் பென்சிலால ரெண்டு சுத்து சுத்தி இறுக்கம் பாத்துட்டு, ஒருதடவை முழுசா முன்னால ஓட்டி, பின்னால ஓட்டி, அப்புறம்தான் கேக்கணும். சத்தம் கம்மலா, மணியோசையே இல்லாம வந்தா ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு, நாடாவை ஹெட்டோட அழுத்துற சின்ன கம்பளித்துண்டு விழுந்திருக்கும். கூடு அஞ்சு ஸ்க்ரூ போட்டதா இருந்தா, நாடாவை மட்டும் எடுத்து ஒரு நல்ல கூட்டுக்கு மாத்திடலாம். இன்னொண்ணு, பதிவு செஞ்ச ரெக்கார்டரோட ஹெட் சாய்வும் உங்க டெக்கோட சாய்வும் ஒத்துவராம இருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன ஸ்க்ரூவை மயிரளவு திருப்பி, மணி எங்க கணீர்னு கேக்குதோ அங்க நிறுத்துங்க. வில்லுப்பாட்டுல மணி இருக்கிறதால இந்த வேலை லேசு. டால்பி பட்டனை அணைச்சே வைங்க, ஊர்ல பதிஞ்ச கேசட்டுக்கு அது கிடையாது.

கணினியில ஏத்தும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சி-60 ஒரு பக்கம் 30 நிமிஷம், ஸ்டீரியோவில ஏறத்தாழ 520 எம்.பி. வரும். அளவு மைனஸ் 6 டெசிபெல் தாண்டக்கூடாது, வரத்து (சாமியை வரவழைக்கிற பாட்டு) பாடும்போது குடம் திடீர்னு ஏறும். இரைச்சல் நீக்கிற மென்பொருளை மூலக் கோப்புல போடவே போடாதீங்க. அது வீசுகோல் (வில்லு நாணை அடிக்கிற கோல்) சத்தத்தையும் இரைச்சல்னு நெனச்சுத் துடைச்சிடும். சி-90 நாடா சி-60-ஐ விட மெல்லிசு, இழுத்தா நீளும், அதை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீங்க.

உறை மேல எழுதின கதைப் பேரை நம்பாதீங்க. மேல சுடலைன்னு இருக்கும், உள்ள கும்மி இருக்கும்.

சுங்கான்கடைச் சக்கரம்
குடத்துக் கோடு பத்தி. தண்ணி நிரப்பிப் பாக்காதீங்க, பழைய குடம் ஊறினா காய நாளாகும், கோடும் வளரும். ஈரத் துணியால வெளியே ஒருதடவை துடைங்க. மண் சட்டுனு உலரும், விரிசல் இருக்கிற இடம் மட்டும் கறுப்பா ஒரு கோடா நின்னு கடைசியில உலரும். அப்படி நின்னா அது கீறல் இல்ல, உள்ள போன விரிசல். விரல் முட்டியால சுத்தித் தட்டிப் பாருங்க. நல்ல குடம் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி கேக்கும், விரிசல் பக்கம் ‘டப்’னு செத்த சத்தம் வரும்.

கழுத்துல விரிசல்னா அதுல வில்லைக் கட்டவே கூடாது. வில்லோட நடு கயித்தால இழுத்துக் கட்டுறது அந்தக் கழுத்துலதான். நாண் மேல விழுற ஒவ்வொரு அடியும் கயிறு வழியா அங்கதான் இறங்கும். எம்-சீல், அரால்டைட்டு வச்சு அடைச்சா குடம் ஒட்டும், நாதம் ஒட்டாது.

புதுக்குடம் சொல்றதுக்கு முன்னால பழசை அளந்துக்கிடுங்க: வயிற்றுச் சுற்றளவு நூல் வச்சு, வாயோட உள்விட்டம், கழுத்து உயரம், எடை. கொள்ளளவை நெல்லு போட்டு அளங்க. இதுல முக்கியம் மூணுதான். கொள்ளளவும் வாயும் கழுத்தும்தான் ‘கும்’ சத்தத்தோட கனத்தை முடிவு பண்ணும். 15 லிட்டர் பிடிக்கிற, 10 சென்டிமீட்டர் வாயுள்ள குடத்துக்குக் கணக்குப்படி 120 ஹெர்ட்ஸ் சுத்தி வரும். 20 லிட்டர்னா 100-க்கு இறங்கும். வாயை அகலமாக்கினா சத்தம் ஏறும். மண்ணு காயும்போதும் சூளையிலயும் சுருங்கும், அதைச் சக்கரத்துல இருக்கிறவர் பாத்துக்கிடுவார். நீங்க சுட்ட அளவைச் சொன்னாப் போதும். சமையல் பானை கனத்துல இல்லாம கழுத்தும் தோளும் தடிமனா, சுவர் ஒரே சீரா வேணும்னு சொல்லணும்.

பங்குனிக்கு வேணும்னா தைப் பொங்கல் முடிஞ்ச மறுவாரமே சொல்லிடுங்க. மார்கழியில பொங்கல் பானை வேலையில யாரும் நிமிர மாட்டாங்க. ஐப்பசி, கார்த்திகையில செஞ்ச பானை மழை ஈரத்துல ஒருபக்கம் காஞ்சு ஒருபக்கம் காயாம சூளையில வெடிக்கும். மூணு குடம் சொல்லி, தட்டிப் பாத்து ஒண்ணை எடுங்க. இன்னொண்ணு கொடையில பக்கத்துலயே இருக்கட்டும்.

கமுகம்பாளை
சக்கரத்து அண்ணாச்சி சொன்னது சரி. குடத்து வாயில அடிக்கிற மட்டைக்குப் பத்தின்னு பேரு, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. புதுக் குடத்துக்குப் பழைய பத்தியையே போடாதீங்க, அது பழைய வாய்க்கு வெட்டினது. வாயை மூடினாப்ல வந்து, ஓரம் ஒரு விரலளவு வெளிய நிக்கணும். கமுகம்பாளையை (பாக்குமரப் பாளை) ஊறவச்சு, ரெண்டு மூணு மடிப்பா வச்சுத் தைச்சு, பாரம் வச்சுக் காயவிடணும். காஞ்சு மொறமொறன்னு ஆனா ‘படார்’னு சத்தம் வரும், ‘கும்’ வராது. அடிக்கிறதுக்கு முன்னால லேசா தண்ணி தெளிச்சுக்கிடணும். டயர் ரப்பர் பத்தி நாள்பட உழைக்கும். ஆனா சில ஊர்ல கோயில் நடையில ரப்பர் வேண்டாம்னு சொல்லுவாவ, முன்கூட்டியே கேட்டுக்கிடுங்க. இடது கைக் காசு விளிம்பு மழுங்கின பழைய காசா இருக்கட்டும். புதுக் காசு குடத்துத் தோளில பொறிப் பொறியா பெயர்க்கும். குடத்துக்கு அடியில வைக்கோல் புரி நல்லா கனமா இருக்கணும். சிமெண்டுத் தரையில மெல்லிசுப் புரி வச்சா குடம் நகந்து நகந்து மைக்குக்கு அந்தப் பக்கம் போயிடும்.

ஒழுகினசேரி ரசிகன்
ஒரு சந்தேகம். தவறினவர் குடத்தை இனி யாரும் அடிக்கக்கூடாதுன்னு ஒரு பேச்சு இருக்கே? விரிசல் இல்லாட்டிகூட வீட்டுல வச்சு விளக்கேத்துறதுதானே மரியாதை?

வலம்பாடி
அது வீட்டுக்காரங்க முடிவு, செட்டு முடிவு இல்ல. அவங்கதான் வச்சுக்கிடுங்கன்னு தந்திருக்காவ. வில்லையும் மணியையும் பரம்பரையா அடுத்தவர் எடுத்து அடிக்கிறதுதானே நம்ம ஊரு வழக்கம். இல்லாட்டி எந்தச் செட்டுலயும் பழைய வெண்கல மணி இருக்காது.

கமுகம்பாளை
எனக்கு இதுல மாற்றுக் கருத்து. மணி வேற, குடம் வேற. மணி வெண்கலம், குடம் ஒருநாள் உடையிற சாமான். கொடை நடுவுல உடைஞ்சா அன்னைக்கு அந்தப் பேருதான் முதல்ல வரும். விரிசல் இல்லாட்டிகூட நான் தனியா எடுத்து வைக்கத்தான் சொல்லுவேன்.

தோல்முகம்
உடுக்கைக்கு. கயிற்றை அவிழ்க்கிறதுக்கு முன்னால நாலு பக்கமும் போட்டோ எடுங்க, எந்தத் துளையிலேருந்து எந்தத் துளைக்குப் போகுதுன்னு அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நல்லா இருக்கிற முகத்தையும் சேத்து மாத்துறதுதான் புத்தி. பழைய தோலும் புதுத் தோலும் ஈரத்துக்கு ஒரே மாதிரி இளகாது, அமுக்கும்போது ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் அப்படியே நிக்கும்.

உடுக்கைக்குச் செண்டைத் தோல் கனம் ஆகாது. ஆட்டு இரைப்பைச் சவ்வோ, நல்லா சுரண்டின இளந்தோலோ வேணும். சாதாரணத் தண்ணியில 20 நிமிஷம் போல ஊறினா துணி மாதிரி மடங்கும், அது போதும். வெந்நீர் பட்டா சுருங்கிடும். வளையத்துல சுத்தி ஒட்டும்போது இழுத்துக் கட்ட வேண்டாம். தளர்வா, மடிப்பில்லாம வச்சு நிழல்ல ஒருநாள் காயவிட்டா தானே இறுகும். ஈரத்துலயே இழுத்து ஒட்டினது காயும்போது விளிம்புல கிழியும், உங்க உடுக்கை கிழிஞ்ச இடமும் விளிம்புதானான்னு பாருங்க. தோலை மரத்தோட ஒட்டக்கூடாது. வளையம் தனியா நின்னாத்தான் நடுக்கயிறை அமுக்கும்போது சத்தம் ஏறி இறங்கும்.

மாட்டினபிறகு கயிறை ஒரே நாள்ல முறுக்காதீங்க. கொடை முடிஞ்சு பையில வைக்கும்போது நடுக்கயிறைத் தளர்த்தி வைங்க. ஆடியில ஆரல்வாய்மொழிக் காத்துல இறுகி நிக்கிற தோல், ராத்திரி பனியில தொளதொளன்னு ஆகும். நெருப்புல காட்டுறதா இருந்தா ஒரு முழம் தள்ளி, சுத்திக்கிட்டே காட்டணும். மேடையில ஹாலோஜன் விளக்குப் பக்கத்துல வச்சு மறந்துட்டு வர்ற பழக்கம்தான் தோலைக் கொல்லுது.

மரத்துல ஊசித் துளையும் மாவும் கண்டா உளு (மரத்தை அரிக்கிற பூச்சி). தோல் இல்லாத இந்தச் சமயத்துலதான் உள்ள வேப்பெண்ணெய் தடவ முடியும், விட்டுடாதீங்க. வில்லுக்கும் இதையே பாருங்க. கொடை முடிஞ்சதும் நாணைக் கழட்டி வச்சாத்தான் வில்லு வளைவு மாறாம இருக்கும்.

இடம்பாடி மகள்
பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது பத்தி யாரும் எழுதலையே. முதல்ல ஒரு எச்சரிக்கை: யூடியூப் பாத்துப் பழக விடாதீங்க. அதுல கிடைக்கிறது பெரும்பாலும் மேடை வில்லுப்பாட்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) நம்ம ஒழுகினசேரிக்காரர், அவரு காந்தி கதையை வில்லுல பாடினதுக்கு அப்புறம் அந்தப் பாணி தனியா வளந்தது. 2022-ல் மறைந்த சுப்பு ஆறுமுகம் அய்யா அதை ரேடியோவுக்கும் டெல்லிக்கும் கொண்டுபோனார். பெரிய வேலைதான். ஆனா அதுல சாமி வராது. கொடையில வரத்துப் பாடும்போது குடக்காரருக்கு இருக்கிற பொறுப்பு அதுல கிடையாது.

கதைக்கு முன்னால வர்ற காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம் வரைக்கும் குடம் அடங்கியே இருக்கணும். விருத்தத்துக்குக் குடமே இல்ல. விருத்தத்தோட கடைசிச் சீர் இழுவை முடியும் முன்னால அண்ணாவி வீசுகோலை நாண்ல ஒருதடவை போடுவார், அதுதான் கண்சாடை. புதுப் பையன்கள் அந்த அடியிலேயே விழுந்து அடிப்பாங்க. அடுத்த அடியில, பாட்டோட எடுப்புல சேரணும். பழக்கும்போது முதல் வாரம் நாலு எண்ணிக்கைச் சிந்து மெட்டை மெதுவா, காசு இல்லாம, பத்தி மட்டும். கை வலிச்சா மணிக்கட்டால அடிக்கலன்னு அர்த்தம், தோளால அடிக்கிறான். ரெண்டாவது வாரம் காசைச் சேத்து, பத்திக்கு நடுவுல விழ வைங்க. மூணு எண்ணிக்கை கும்மி மெட்டை அதுக்கப்புறம் எடுத்தாப் போதும்.

நாட்டு வளம் (கதை நடக்கிற நாட்டை வருணிக்கிற பகுதி) பாடும்போதுதான் குடக்காரர் கைவரிசை காட்ட இடம் கிடைக்கும். மயானம், காடு, பலி வர்ற இடத்துல காட்டக்கூடாது. வரத்துல வேகம் ஏத்துறது அண்ணாவி, குடம் பின்னால போகணும். முந்தினா சாமியாடிக்கு அடி தப்பும். அருள் வந்து நிக்கும்போது எந்தக் காரணத்துக்கும் குடம் நிக்கக்கூடாது. நின்னா அன்னைக்குக் கமிட்டிக்காரங்க விட மாட்டாங்க. ரெண்டாவது குடம் பக்கத்துல வேணும்னு மேல எழுதினாங்களே, அது இதுக்குத்தான்.

ரெண்டு கொடைன்னா ரெண்டே கதை. மாடனுக்குச் சுடலை கதை ஒண்ணு, இசக்கிக்கு முப்பந்தல் நீலி கதை ஒண்ணு. அதுக்கு மேல பங்குனிக்குள்ள அவன் தலையில ஏத்தாதீங்க.

ஒலிபெருக்கி
இதோட மைக்கையும் பாத்துடுங்க. ஊர்ல கூம்புக் குழாய்தான் கட்டியிருப்பாங்க. அது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் தராது. மேல 100, 120-ன்னு எழுதியிருக்காங்க, அப்போ குடத்தோட ‘கும்’ தெருவுக்குப் போகவே போகாது, பத்தி படுற ‘பட்’ மட்டும்தான் கேக்கும். பந்தலுக்குள்ள ரெண்டு பெட்டி ஸ்பீக்கராவது வைக்கச் சொல்லிக் கேளுங்க. குடத்து மைக்கை வாய்க்கு நேரா நீட்டினா காத்து அடிச்சு உறுமும். ஒரு சாண் தள்ளி, வாய் விளிம்பைப் பாத்துச் சாய்வா வைக்கணும். மணி வரிசைக்குத் தனி மைக்கு வேண்டாம், அண்ணாவி மைக்கிலேயே தாராளமா விழும்.

ராத்திரி 10 மணியிலேருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கித் தடை இருக்கு. திருவிழா நாளுக்கு 12 வரைக்கும் அரசு தளர்த்தலாம், வருஷத்துக்கு 15 நாளுக்கு மிஞ்சாம. அனுமதிச் சீட்டு கமிட்டி கையில இருக்கான்னு கேட்டுட்டுக் கதையை நறுக்குங்க. விடிய விடிய பாடின கதையை மூணு மணி நேரத்துக்குச் சுருக்கும்போது எல்லாரும் முதல்ல வெட்டுறது நாட்டு வளத்தை. தவறினவரோட அடி மிஞ்சணும்னா அதை வெட்டாம, வசனத்தைக் குறைங்க.

ராமபாணம்
ஏடும் நோட்டும். நோட்டுல துருப்பிடிச்ச பின் இருந்தா மெல்ல எடுத்துடுங்க. செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, மஞ்சளாகி எழுத்தையும் சேத்துத் தின்னுடும். ஜன்னல் வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம, பக்கத்துல ஒரு அடிக்கோல் வச்சு அட்டையிலேருந்து கடைசி வெற்றுப் பக்கம் வரைக்கும் படம் எடுங்க. வெற்றுப் பக்கத்துலதான் கொடைக் கணக்கும் ஊர்ப் பேரும் இருக்கும், எந்த ஊர்ல எந்தக் கதை பாடினாங்கன்னு அதுலதான் தெரியும்.

ஓலை ஏடு முறுமுறுன்னு இருந்தா விரிச்சு நிமிர்த்தாதீங்க. மென்மையான பிரஷால தூசி தட்டி, கயிறை அவிழ்க்கும் முன்னால வரிசையைப் படம் எடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி வைங்க. புல்தைலம் தடவுறது தெரிஞ்சவங்க செய்ற வேலை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில நாட்டார் வழக்காற்றியல் பிரிவு இருக்கு, திருவனந்தபுரம் காரியவட்டத்துல கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகம் இருக்கு. அங்க காட்டுங்க. மூலத்தைக் கொடுக்கிறதா இருந்தா எழுத்துல ரசீது வாங்காம விடாதீங்க.

பேச்சிப்பாறை நீர்
கலை பண்பாட்டுத் துறைப் பக்கம். அவரு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல உறுப்பினரான்னு பாருங்க, அட்டை நோட்டுக்குள்ளேயே இருக்கலாம். வாரியத்துல ஈமச்சடங்குக்கும் இயற்கை மரணத்துக்கும் உதவி உண்டு. அட்டை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிப் புத்தகம் நாலையும் வச்சு விண்ணப்பிக்கணும். இறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சா கட்டணம் இல்ல, பிந்தினா அலைச்சல். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் திருநெல்வேலி மண்டலக் கலை பண்பாட்டு மையம்தான் அலுவலகம். மத்த செட்டுக்காரங்க அட்டை புதுப்பிச்சிருக்கான்னும் இதோட பாத்துக்கிடுங்க. பெரும்பாலும் அட்டை காலாவதியானபிறகுதான் வீட்டுக்காரங்க தேடுறாங்க.

வாங்கின அச்சாரத்துல அவரு பங்கை வீட்டுல கொடுத்துட்டுப் பையனுக்குத் தனியா பேசுங்க. கமிட்டிக்கும் ஆள் மாறினதை இப்பவே சொல்லிடணும். கொடை அன்னைக்கு வந்து பாத்துட்டு ‘அவரு எங்க’ன்னு கேட்டா சங்கடம்.

பழையாற்றங்கரை
எல்லாருக்கும் நன்றி. இடம்பாடி அண்ணன் நாளைக்கே உக்காரலாம்னு சொல்லிட்டார். நோட்டைப் புரட்டினா ஒரு இடத்துல ‘1120 ஆவணி’ன்னு எழுதியிருக்கு, இன்னொண்ணுல ‘1131 பங்குனி’. பழைய ஏட்டுலேருந்து பாத்து எழுதினதா?

ராமபாணம்
இல்ல, அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம தாலுகாக்கள் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்ததால அந்தக் கணக்கு. நம்ம பக்கம் ஆவணியில ஆண்டு பிறக்கும். ஆவணியிலேருந்து டிசம்பர் வரைக்கும் 824 கூட்டுங்க, ஜனவரியிலேருந்து ஆடி வரைக்கும் 825. அப்போ முதல் நோட்டு 1944, ரெண்டாவது 1956. கோப்புக்குப் பேர் வைக்கும்போது ரெண்டு ஆண்டையும் போட்டு வைங்க. 1944-ல எழுதினதுன்னா மை மங்கியிருக்கும், அந்த நோட்டை முதல்ல படம் எடுங்க.